பள்ளத்தூர் மொட்டை மாடியும் பறக்கும் தட்டும்: அமெரிக்கக் கம்பெனி சாட்டிலைட்டுகள் உண்மையில் எதைத்தான் பார்க்கின்றன?

பள்ளத்தூர்ப்_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் பெரியப்பாவுக்குச் சாந்திக் கல்யாணம், பங்காளிகள் அத்தனை பேரும் ஊரில்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்ததால் நாங்கள் ஏழெட்டுப் பேர் மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். ஏழே கால் மணி இருக்கும். மேற்கிலிருந்து ஒரே கோட்டில் முப்பது நாற்பது வெளிச்சப் புள்ளிகள், ஒன்றின் பின் ஒன்றாக, சத்தமே இல்லாமல் கிளம்பி வந்து, நடு வானத்தைத் தாண்டியதும் ஒவ்வொன்றாக அணைந்துபோயின. அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு "மேலே சப்பரம் போகுதுடா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அது இன்டர்நெட் கொடுக்கிற ஸ்டார்லிங்க் சாட்டிலைட் வரிசை என்று அப்புறம் தெரிந்துவிட்டது, கேள்வி அதைப் பற்றி இல்லை. டல்லாஸிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகன் அங்கேயே ஒரு குண்டைப் போட்டான். "இதெல்லாம் சும்மா. ஏவுகணை கிளம்புவதைக் கண்டுபிடிக்க அமெரிக்கா ஐம்பது வருடமாக சாட்டிலைட் வைத்திருக்கிறது. அதில் அடையாளம் தெரியாத பொருள்கள் சாதாரணமாகவே விழுகின்றன. லாக்ஹீட், நார்த்ராப் மாதிரி ராணுவத் தளவாடக் கம்பெனிக்காரர்களுக்கு எல்லாம் தெரியும், வெளியே சொல்ல மாட்டார்கள்" என்றான். பந்தி போட்டுவிட்டார்கள், வாக்குவாதம் பாதியிலேயே நின்றுபோனது.

நான் படித்தது பி.காம். இதில் எது உண்மை, எது யூடியூப் சரக்கு என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த சாட்டிலைட்டுகளால் பறக்கும் தட்டு மாதிரி ஒன்றைப் பார்க்க முடியுமா? பார்த்தால் அந்தத் தகவல் அரசாங்கத்திடம் இருக்குமா, கம்பெனியிடம் இருக்குமா? நம் நாட்டு சாட்டிலைட்டில் இப்படி ஏதாவது விழுமா?

தேவகோட்டை_வாத்தியார்:

தம்பி, உங்கள் சித்தப்பா மகன் சொன்னதில் பாதி நிஜம். அதனால்தான் மீதிப் பாதியும் நிஜம் மாதிரி தெரிகிறது. முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன், கொஞ்சம் நீட்டிச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் சொல்லும் சாட்டிலைட் வரிசைக்கு டி.எஸ்.பி. என்று பெயர். முதலாவது 1970 நவம்பரில் போனது, இருபத்து மூன்றாவதும் கடைசியுமானது 2007 நவம்பரில். சாட்டிலைட்டைக் கட்டியது டி.ஆர்.டபிள்யூ. கம்பெனி, அதன் கண்ணான அகச்சிவப்பு உணர்கருவியைச் செய்தது ஏரோஜெட். இரண்டு பேருடைய வேலையும் பிற்பாடு நார்த்ராப் கிரம்மனுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. பூமிக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரம். அங்கே நின்ற இடத்தில் பம்பரம் மாதிரி நிமிடத்துக்கு ஆறு சுற்று சுற்றும். ஆக, பத்து வினாடிக்கு ஒரு முறை பூமியின் அந்தப் பக்கம் முழுவதையும் துழாவிவிடும்.

அது பார்ப்பது படம் இல்லை, சூடு. அதிலும் ஒரு தந்திரம் செய்திருக்கிறார்கள், எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். காற்றில் இருக்கும் நீராவியும் கரியமில வாயுவும் சில அகச்சிவப்பு அலைநீளங்களை அப்படியே விழுங்கிவிடும். அந்த அலைநீளத்தில் மேலிருந்து பார்த்தால் நிலத்தின் சூடு, நம் வீட்டு அடுப்பு, சித்திரை வெயிலில் கொதிக்கும் காரைக்குடி ரோடு எதுவும் தெரியாது, பூமியே இருட்டு. ஆனால் ராக்கெட்டின் பின்னால் வரும் நெருப்பிலும் அதே நீராவி, அதே கரியமில வாயு, கொதிக்கக் கொதிக்க. அது காற்று மெலிந்த உயரத்துக்கு ஏறியதும் இருட்டில் பற்றவைத்த தீக்குச்சி மாதிரி பளிச்சென்று தெரியும். 1991 வளைகுடாப் போரில் ஈராக் விட்ட ஸ்கட் ஏவுகணைகளை இப்படித்தான் கிளம்பியவுடனே பிடித்தார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தரையில் உட்கார்ந்து அந்தத் திரையைப் பார்த்தவர்கள் இரண்டு செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். "மெல்ல நடப்பவை" என்றால் பின்னெரிப்பானை (கூடுதல் வேகத்துக்குப் பின்னால் எரிபொருளைக் கொளுத்தும் கருவி) போட்டுக்கொண்டு பறக்கும் ஜெட் விமானங்கள். "வேகமாக நடப்பவை" என்றால் கண்ணுக்கு முன்னால் சட்டென்று குறுக்கே போகிறவை. இரண்டாவது பெயரைப் பிடித்துக்கொண்டுதான் பறக்கும் தட்டுக்காரர்கள் ஆட்டம் போடுகிறார்கள். அதில் பெரும்பாலானவை, டி.எஸ்.பி.க்குப் பக்கமாகக் கடந்துபோன வேறு சாட்டிலைட்டுகள். ஜன்னலோரம் ஒரு ஈ பறந்தால் தெருவில் கழுகு போகிற மாதிரி தோன்றுமே, அந்தக் கதைதான்.

கோட்டையூர்_சந்தேகி:

வாத்தியாரையா, பாடம் அருமை. ஆனால் "பெரும்பாலானவை" என்று சொல்லிவிட்டு நழுவிப் போகிறீர்களே, மீதி?

தேவகோட்டை_வாத்தியார்:

மீதியில் பெரிய பங்கு விண்கல். இது ஊகம் இல்லை, அவர்களே வெளியிட்ட கணக்கு. 1975 முதல் 1992 வரை வளிமண்டலத்தில் விண்கற்கள் வெடித்ததை இந்த ராணுவ சாட்டிலைட்டுகள் 136 முறை பதிவு செய்திருந்தன. ரொம்ப நாள் அது ரகசியக் கிடங்கில் தூங்கியது, 90களில்தான் விஞ்ஞானிகள் கைக்கு வந்தது. இப்போது நாசாவின் தளத்திலேயே பட்டியல் கிடக்கிறது, யாரும் பார்க்கலாம். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் சுமார் 20 மீட்டர் கல் ஒன்று வானத்தில் வெடித்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் நொறுங்கியதே, அதுவும் அதில் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம் தலைக்கு மேலே நடந்திருக்கக்கூடியது. 2002 ஜூன் 6. பாராளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியாவும் பாகிஸ்தானும் எல்லையில் படையைக் குவித்து வைத்திருந்த நேரம். அன்று மத்தியதரைக் கடலுக்கு மேலே ஒரு விண்கல் ஹிரோஷிமா குண்டு அளவுக்கு வெடித்தது, அமெரிக்க சாட்டிலைட்டுகள் அதைப் பார்த்தன. பூமி சில மணி நேரம் முன்பின்னாகச் சுழன்றிருந்தால் அது காஷ்மீருக்கு மேலே வெடித்திருக்கும், எதிரி அணுகுண்டு போட்டுவிட்டான் என்று யாராவது பட்டனை அமுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அமெரிக்க விமானப்படையின் பிரிகேடியர் ஜெனரல் வோர்டன் என்பவரே பிற்பாடு கேட்டார். "அடையாளம் தெரியாத பொருள்" என்றால் எனக்குப் பயம் வருவது இந்த வகையில்தான், பச்சை நிற மனுஷர்களைப் பார்த்து இல்லை.

சோவியத் காரர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1983 செப்டம்பர் 26 நடுராத்திரி, அவர்களுடைய எச்சரிக்கை சாட்டிலைட் "அமெரிக்கா ஐந்து ஏவுகணை விட்டுவிட்டது" என்று அலறியது. பணியில் இருந்த பெட்ரோவ் என்ற அதிகாரி, போர் என்றால் ஐந்தே ஐந்தா விடுவான் என்று யோசித்துப் பொய் எச்சரிக்கை என்று அறிக்கை கொடுத்தார். உயரத்து மேகத்தில் பட்டுத் தெறித்த சூரிய வெளிச்சம்தான் ஏவுகணையாகத் தெரிந்திருக்கிறது. அந்த மனிதர் மட்டும் அன்று தூக்கக் கலக்கத்தில் இருந்திருந்தால், நானும் நீங்களும் இன்று இப்படித் தட்டச்சு செய்துகொண்டிருக்க மாட்டோம்.

படக்கட்டம்:

சொந்த ஊர் காரைக்குடி செக்காலை, பிழைப்பு ஹைதராபாத்தில். சாட்டிலைட் படங்களைச் சரிசெய்யும் வேலையில் பத்து வருடம் இருந்தேன் (பயிர், ஏரி, ரோடு, அவ்வளவுதான், ராணுவ வேலை இல்லை). நம் நாட்டு சாட்டிலைட் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

டிவியில் மழைச் செய்திக்குக் காட்டுகிறார்களே இன்சாட் படம், அது 36,000 கி.மீ.யிலிருந்து எடுப்பது. வெப்பப் படத்தில் ஒரு புள்ளி தரையில் 4 கி.மீ.க்கு 4 கி.மீ. காரைக்குடி டவுனே இரண்டு மூன்று புள்ளிக்குள் அடங்கிவிடும். கானாடுகாத்தான் அரண்மனை மேலேயே தட்டு வந்து இறங்கினாலும் அந்தப் படத்தில் ஒன்றும் தெரியாது.

சரி, கூர்மையாகப் பார்க்கிற சாட்டிலைட் இல்லையா என்றால், இருக்கிறது. கார்ட்டோசாட் 3, 2019 நவம்பரில் போனது. சுமார் 500 கி.மீ. உயரத்திலிருந்து தரையில் கால் மீட்டர் அளவுக்குப் பிரித்துக் காட்டும். கார் எது ஆட்டோ எது என்று சொல்லிவிடலாம். ஆனால் அது ஒரு நேரத்தில் பார்ப்பது 16 கி.மீ. அகலப் பட்டை. போகிற வேகம் வினாடிக்கு ஏழு கி.மீ.க்கு மேல், காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் பன்னிரண்டு பதிமூன்று வினாடி. நம் ஊர் வீட்டு முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியுமே, ஆனால் பக்கத்து அறையில் யார் இருக்கிறார் என்று தெரியாது, அப்படித்தான். அந்த நொடியில், அந்தப் பட்டைக்குள், மேகத்துக்கு மேலே தட்டு இருந்தால் மாட்டும். இல்லாவிட்டால் இல்லை. நாசா அமைத்த ஆய்வுக்குழு 2023 செப்டம்பரில் அறிக்கை விட்டபோதும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது: பூமியைப் பார்க்கும் அறிவியல் சாட்டிலைட்டுகளுக்கு இவ்வளவு சின்னப் பொருளைப் பிரித்துப் பார்க்கும் கூர்மை பொதுவாகக் கிடையாது.

இன்னொரு வேடிக்கை. சாட்டிலைட் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிழல் தள்ளித் தள்ளி விழுந்த ஒரு பொருளை வட்டம் போட்டு "இது என்ன?" என்று வாட்ஸ்அப்பில் சுற்ற விடுவார்கள். பெரும்பாலும் பயணிகள் விமானம். இந்த வகை கேமரா ஒவ்வொரு நிறத்தையும் கொஞ்ச நேர இடைவெளி விட்டு எடுக்கிறது, அதற்குள் விமானம் நகர்ந்துவிடும், தரை நகராது. அதனால் விமானம் மட்டும் வானவில் மாதிரி பிரிந்து நிற்கும். உயரத்தில் இருக்கும் பொருள் நகராவிட்டாலும் கொஞ்சம் தள்ளி விழும், அதையும் கணக்கில் சேர்த்தால் எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். 2023 பிப்ரவரி 4 அன்று அமெரிக்கா சுட்டு வீழ்த்திய சீன பலூனையும், அது வந்த வழி நெடுகப் பழைய தனியார் சாட்டிலைட் படங்களில் இந்த மூவர்ண நிழலை வைத்துத்தான் தேடிப் பிடித்தார்கள். ராணுவ ரகசியம் எதுவும் தேவைப்படவில்லை, காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கிற படம்.

ஐரோப்பாவின் சென்டினல் 2 படங்கள் இலவசம், ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள், சென்னை மேலே பறக்கிற விமானமெல்லாம் வானவில் வானவில்லாகக் கிடக்கும். அந்த சாட்டிலைட்டைக் கட்டியதும் ஏர்பஸ்ஸின் பாதுகாப்புப் பிரிவுதான். பாதுகாப்புக் கம்பெனி கட்டினாலே ரகசியம் என்று அர்த்தம் இல்லை.

கோட்டையூர்_சந்தேகி:

இரண்டு பேரும் இயந்திரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பையன் கேட்டது கம்பெனியைப் பற்றி.

2023 ஜூலை 26 அன்று டேவிட் கிரஷ் என்பவர் அமெரிக்கக் காங்கிரஸ் முன்னால் சத்தியம் செய்து சாட்சி சொன்னார். அவர் தெருவில் போகிறவர் இல்லை, விமானப்படை உளவு அதிகாரி. உளவு சாட்டிலைட்டுகளை நடத்துகிற அலுவலகத்திலும், அந்தப் படங்களை ஆராய்கிற அலுவலகத்திலும் இருந்தவர். விழுந்த பொருள்களை எடுத்து வைத்து ஆராயும் திட்டம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது என்றார். அதே வருடம் செனட்டில் ஷூமர், ரவுண்ட்ஸ் என்று எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். தனியார் கையில் "எங்கிருந்து வந்தது என்று தெரியாத தொழில்நுட்பம்" இருந்தால் அரசாங்கம் அதைக் கையகப்படுத்தலாம் என்று ஒரு பிரிவு அதில் இருந்தது. டிசம்பரில் சட்டம் நிறைவேறும்போது அந்தப் பிரிவு காணாமல் போய், ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்க்கச் சொல்வதோடு முடிந்துவிட்டது. ஒன்றுமே இல்லாத பெட்டிக்கு எதற்கு அவ்வளவு பூட்டு?

ஆத்தங்குடிக்_கல்:

சந்தேகி அண்ணே, எங்கள் ஐயா காலத்து இரும்புப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. சாவி தொலைந்து இருபது வருடம். உள்ளே பர்மா வைரம் இருக்கிறது என்று மூன்று தலைமுறையாகப் பேச்சு. போன வருடம் ஆள் வைத்துத் திறந்தோம். லேவாதேவிக் கணக்கு நோட்டு நாலு, ஒரு கட்டு கடுதாசி, செத்த பல்லி ஒன்று. 😄

கோட்டையூர்_சந்தேகி:

கணக்கு நோட்டு என்ன சும்மாவா அப்பா, யார் யார் எவ்வளவு தரணும் என்று அதில்தானே இருக்கும்.

தேவகோட்டை_வாத்தியார்:

கிரஷ் சொன்னதைச் சரியாகச் சொல்லுங்கள். தானே கண்ணால் பார்த்தேன் என்று அவர் சொல்லவில்லை. நாலு வருடத்தில் நாற்பதுக்கு மேற்பட்டவர்களிடம் பேசிக் கேட்டதைச் சொன்னார். அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில் இதற்கென்றே 2022 ஜூலையில் ஆரோ என்று ஓர் அலுவலகம் திறந்தார்கள். அது 1945 முதலான விவகாரங்களைத் தோண்டி 2024 மார்ச்சில் ஓர் அறிக்கை விட்டது. கம்பெனிகளிடம் வேற்றுக்கிரகப் பொருள் இருப்பதாகச் சொன்னவர்கள் காட்டிய இடமெல்லாம் விசாரித்தோம், ஆதாரம் இல்லை, பலவற்றில் உண்மையான ரகசியத் திட்டங்களைத்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று எழுதியது. "திருடனே போலீஸ்" என்பீர்கள். இருக்கட்டும்.

ஆனால் அதே அலுவலகம் 2024 நவம்பரில் கொடுத்த வருடாந்தர அறிக்கையில் ஒரு விஷயம் இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. மொத்தம் 757 புகார் வந்ததில் 49 விண்வெளியில் பார்த்ததாக வந்தவை. அந்த 49இல் ஒன்றுகூட சாட்டிலைட் பார்த்துக் கொடுத்தது இல்லை. எல்லாம் விமானிகளும் தரையில் நின்றவர்களும் "நூறு கி.மீ.க்கு மேலே இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொன்னவை. பல புகார்கள் கடைசியில் உங்கள் அப்பத்தாவின் சப்பரம்தான், அதாவது ஸ்டார்லிங்க். மொத்தப் புகாரில் இருபத்தொன்றை மட்டும் இன்னும் ஆராய வேண்டும் என்று தனியே எடுத்து வைத்திருக்கிறார்கள், அதையும் மறைக்கவில்லை.

படக்கட்டம்:

சந்தேகி அண்ணன் கேட்ட பூட்டு விஷயத்துக்கு நான் பார்த்த அளவில் ஒரு பதில். அவர்கள் மறைப்பது பெரும்பாலும் படத்தில் இருக்கும் பொருளை அல்ல, படம் எடுத்த கண்ணை. டி.எஸ்.பி.க்கு அடுத்து வந்த சிபர்ஸ் வரிசையை லாக்ஹீட் மார்ட்டின் செய்தது, முதல் பெரிய சாட்டிலைட் 2011 மே மாதம், ஆறாவது 2022 ஆகஸ்டில். ஒரு கண் பூமியைத் துழாவிக்கொண்டே இருக்கும், இன்னொன்று வேண்டிய இடத்தை வைத்த கண் வாங்காமல் பார்க்கும். அது பிடித்தது வெறும் பலூன் படமாகவே இருக்கட்டும், அதை வெளியே விட்டால் எவ்வளவு மங்கலான சூட்டை எவ்வளவு நேரத்தில் பிடிக்கிறது என்று சீனாக்காரன் கணக்குப் போட்டுவிடுவான். ஆகவே பலூனும் ரகசியம், விண்கல்லும் ரகசியம், கொக்குக் கூட்டமும் ரகசியம்.

விண்கல் பட்டியலிலேயே இந்தச் சிக்கல் தெரியும். நாசாவின் பட்டியலில் நேரமும் வேகமும் இருக்கும், அதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பது இருக்காது. சொன்னால் கருவியின் திறமை தெரிந்துவிடுமே. 2014 ஜனவரி 8 அன்று பப்புவா நியூ கினிக்குப் பக்கத்தில் விழுந்த ஒரு கல் வேறு நட்சத்திரத்திலிருந்து வந்தது என்று ஹார்வர்டு வானியலாளர் அவி லோப் சொன்னார். பிழைக் கணக்கு இல்லாததால் விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் 2022இல் அமெரிக்க ராணுவத்தின் விண்வெளிக் கட்டளையகமே "வேகம் சரிதான்" என்று ஒரு கடிதம் கொடுத்தது, எண்ணைக் கொடுக்காமல்! சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு இதில்தான் எரிச்சல். வேற்றுக்கிரகக்காரனை ஒளித்து வைத்தார்களா என்பதை விடுங்கள், விண்கல் ஆராய்ச்சிக்கு வேண்டிய எண்ணையே இப்படிப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் தகவல் யார் கையில் என்று கேட்டீர்கள். ஏவுகணை எச்சரிக்கை சாட்டிலைட்டைக் கட்டிக் கொடுப்பது கம்பெனி, தகவல் விண்வெளிப் படைக்குச் சொந்தம். கல்யாணத்துக்குச் சமையல் காண்ட்ராக்ட் விடுவது மாதிரி, சமைப்பவர் அவர், பந்தி உங்களுடையது.

கோட்டையூர்_சந்தேகி:

எந்தச் சமையல் மாஸ்டர் ருசி பார்க்காமல் குழம்பை இறக்குகிறார்?

படக்கட்டம்:

ஹா ஹா, ஒப்புக்கொள்கிறேன். தரைநிலையத்து மென்பொருளை எழுதுவதும் பராமரிப்பதும் கம்பெனி ஆட்கள்தான். அவர்கள் கண்ணில் படாமல் ஒன்றும் போகாது. ஆனால் பார்ப்பது வேறு, வெளியே வாயைத் திறக்கும் அதிகாரம் வேறு. அது கம்பெனியிடம் இல்லை.

ஆத்தங்குடிக்_கல்:

நம் பக்கம் ராத்திரி வானத்தில் விளக்கு நகர்ந்தால் அமெரிக்கா வரை போக வேண்டாம். ராமநாதபுரம் உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது, ஆளில்லா விமானம் அங்கிருந்து பறக்கிறது. அரக்கோணத்திலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் அடாமிக்ஸ் கம்பெனியிடம் 2020இல் குத்தகைக்கு எடுத்த பெரிய ட்ரோன் வேறு. பாதுகாப்புக் கம்பெனிதான் வேண்டும் என்றால் அதுவும் தலைக்கு மேலேயே இருக்கிறது, டல்லாஸ் மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். நாளைக்குக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் விட ஆரம்பித்தால் இந்த இழையில் தினம் நாலு பேர் வந்து தட்டு பார்த்தேன் என்பார்கள்.

2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ பறக்கிறது என்று விமானங்களை நிறுத்தி, விமானப்படை இரண்டு ரஃபேல் போர் விமானங்களை அனுப்பித் தேடிப் பார்த்ததே, நினைவிருக்கிறதா? அப்போதும் கிளப்பியது தரையிலிருந்து பார்த்தவர்கள் கண்தான்.

பள்ளத்தூர்ப்_பையன்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இழையை அப்படியே டல்லாஸுக்கு அனுப்பினேன். அந்த 49 விஷயத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் பதில் இல்லை, அப்புறம் "பூட்டைப் பற்றி அந்தச் சந்தேகி சொன்னதைப் படித்தாயா?" என்று மட்டும் வந்தது. ஒரு ஆதரவாளர் கிடைத்துவிட்டார் அவனுக்கு.

அப்பத்தாவிடம் ஸ்டார்லிங்க் பற்றி விளக்கினேன், இன்டர்நெட் கொடுக்கிற சாட்டிலைட், ஒரே ராக்கெட்டில் ஏற்றி வரிசையாக விட்டிருக்கிறார்கள், சூரிய வெளிச்சம் பட்டுத் தெரிகிறது, பூமி நிழலுக்குள் போனதும் அணைகிறது என்று. எல்லாம் கேட்டுக்கொண்டார். மறுநாள் சாயங்காலமும் "மணி ஆச்சு, சப்பரம் வருதான்னு மேலே போய்ப் பாரு" என்று அனுப்பினார்.

சனிக்கிழமை ராத்திரி செட்டிநாடு பழைய ஓடுதளத்துப் பக்கம் போகலாம் என்று இருக்கிறோம், அங்கே விளக்கு வெளிச்சம் குறைவு. படக்கட்டம் அண்ணே, ஊரில் இருந்தால் வாங்க. கேமரா ஸ்டாண்ட் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், என்னுடையதில் ஒரு கால் சாந்திக் கல்யாணத்தில் போட்டோக்காரர் கையோடு போய்விட்டது.

கோட்டையூர்_சந்தேகி:

ஸ்டாண்ட் என்னிடம் இருக்கிறது. நானும் வருகிறேன். பாம்பு நடமாட்டம் உண்டு, டார்ச் எடுத்து வாங்க, ஆனால் வானத்தைப் பார்த்து அடிக்காதீர்கள், அடுத்த ஊர்க்காரன் இங்கே வந்து புது இழை ஆரம்பிப்பான்.